கதையும் திரையும் இளையோர் நெஞ்சமும்

நல்ல கதைகளைச் சொல்லி வளர்த்தால் பிள்ளைகள் நல்லவர்களாக வளர்வார்கள் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நம்பிக்கைகளுள் ஒன்று. பாட்டி சொன்ன கதைகளும், கோயில் வாசலில் படிக்கப்பட்ட பாரதமும், விடிய விடிய நடந்த அரிச்சந்திர நாடகமும் அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தவையே. கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் மக்கள் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு இக்கதைகளையும் சுமந்து வந்தனர். பகலெல்லாம் பால்மரக் காட்டில் உழைத்துக் களைத்தவர்கள், இரவில் லயத்து வாசலில் அமர்ந்து நல்லதங்காளுக்காகக் கண்ணீர் வடித்தார்கள்; மதுரை வீரனுக்காக மனம் பதைத்தார்கள். எழுத்தறியாத அவர்களுக்குக் கதையே பள்ளிக்கூடம். கதையே நீதி நூல்.

இந்த நம்பிக்கை பொய்யன்று. ஆயினும், அது முழு உண்மையா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. சொல்லப்படும் கதையை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வயது ஒன்று உண்டு. அது குழந்தைப் பருவம். காக்கையிடமிருந்து வடையைப் பறித்த நரி கெட்டது என்று அம்மா சொன்னால், குழந்தைக்கு அது கெட்டதுதான். கதையை மறித்துக் கேள்வி கேட்கும் வயது மற்றொன்று. அதுவே விடலைப் பருவம். பதின்மூன்று, பதினான்கு வயதைத் தொட்ட பிள்ளை, நரிக்குப் பசிக்காதா என்று கேட்கிறது. காக்கைக்கு அந்த வடை எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறது. இந்தக் கேள்வியைக் குறும்பு என்று தள்ளிவிடுவோமாயின், அப்பிள்ளையின் உள்ளத்தில் அறம் வேர்விடும் பொழுதையே நாம் தவறவிட்டவர்களாவோம். இதனை நான் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அமைச்சருக்கு வீட்டில் யார் இருந்தார்கள்?

1979ஆம் ஆண்டு. இடைநிலைப் பள்ளி ஒன்றில் தாய்மொழி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் படிவ மாணவர்கள். பெரும்பாலோர் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். அன்று நான் சொன்ன கதை மனுநீதிச் சோழன் கதை. இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. பசு பெற்ற துயரைத் தானும் பெறுவதே நீதி என்று மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். நான் இக்கதையை உணர்ச்சியோடு சொல்லுவேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இக்கதை சற்று விரிவாக உள்ளது. மன்னன் முதலில் தேரைத் தானே ஓட்டவில்லை. தன் அமைச்சன் ஒருவனை அழைத்து, இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு பணிக்கிறான். அந்த அமைச்சனோ அரச ஆணையை நிறைவேற்றவும் இயலாமல், மறுத்து நிற்கவும் இயலாமல், தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். அதன் பின்னரே மன்னன் தேரில் ஏறுகிறான். இறுதியில் சிவபெருமான் தோன்ற, கன்றும் இளவரசனும் அமைச்சனும் உயிர் பெற்றெழுகிறார்கள். நான் படித்த பள்ளிப் பாடநூல்களில் அந்த அமைச்சனை நான் கண்டதில்லை. கதை முழுமையாக இருக்கட்டும் என்று எண்ணி அன்று அவனையும் சேர்த்தே சொன்னேன்.

சொல்லி முடித்து, 'இக்கதையால் அறியப்படும் நீதி' என்று கரும்பலகையில் எழுதத் திரும்பினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

"ஐயா, அந்த அமைச்சருக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள்?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் அது வகுப்பைக் கலைக்கும் கேள்வியாகவே பட்டது. "கதையில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். நான் நீதியை எழுதினேன். எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்தே, வேறொரு மாணவன் வாயிலாகச் செய்தி அறிந்தேன். அப்பையனின் தந்தை ஓரிடத்தில் இரவுக் காவலராக, நம் வழக்கில் சொன்னால் ஜாகாவாக, வேலை பார்த்து வந்தார். அங்கே பொருள் ஒன்று காணாமற்போயிற்று. உடன் வேலை செய்தவர் எடுத்ததைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்திடுமாறு மேலிடத்தில் அவரை நெருக்கியிருக்கிறார்கள். அவர் எதையும் காணவில்லை. கையெழுத்திடாவிட்டால் வேலை போகும். வேலையோடு, குடியிருந்த வீடும் போகும். வீட்டில் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நால்வரில் மூத்தவனே என்னிடம் கேள்வி கேட்டவன்.

அரச ஆணைக்கும் மனச்சான்றுக்கும் இடையில் நசுங்கிய அமைச்சனை அவன் கதையில் காணவில்லை. தன் வீட்டில் கண்டான். வகுப்பிலிருந்த நாற்பது பேரில் அன்று அக்கதையை உண்மையாகவே கேட்டவன் அவன் ஒருவனே. அவனைத்தான் நான் உட்காரச் சொன்னேன். அவ்வாண்டு இறுதியில் அவன் பள்ளியை விட்டு நின்றான். அவன் தந்தை கையெழுத்திட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கும் தகுதியை நான் அன்றே இழந்துவிட்டேன்.

மனனம் செய்த நீதி

கதையின் முடிவில் நீதியை எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. மலேசியாவில் 1983இல் தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வி ஒரு பாடமாயிற்று. 1989 முதல் இடைநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. பல இன, பல சமய மக்கள் வாழும் நாட்டில் எல்லார்க்கும் பொதுவான பண்புகளை இளமையிலேயே ஊட்ட வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் பாடம் என்று வந்தபின் தேர்வு வந்தது. தேர்வு வந்தபின் மனனம் வந்தது. முப்பத்தாறு நற்பண்புகளின் வரையறைகளைச் சொல் பிசகாமல் ஒப்பித்து எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் இரவெல்லாம் உருப்போட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு மனனம் செய்த பிள்ளைகளை நான் குறை கூற மாட்டேன். நேர்மையின் வரையறையைப் பார்த்து எழுதியாவது தேறிவிட வேண்டும் என்று துண்டுத்தாளை மறைத்துக்கொண்டு தேர்வு மண்டபத்துக்குள் போன மாணவனைக்கூட நான் கண்டிருக்கிறேன். அவனைக் கடிந்துகொண்டேன். அதே வேளையில், பண்பைப் பாடமாக்கி அதற்குப் புள்ளி போட்ட நம்மையும் எண்ணி வெட்கினேன்.

வரையறை என்பது அறத்தின் பெயர், அறம் ஆகாது. நேர்மை நல்லது என்பதை அறியாத இளைஞன் எவனும் இல்லை. நேர்மையாக இருந்தால் அப்பாவின் வேலை போகும் என்னும்போது என்ன செய்வது என்பதே அவன் அறியாதது. வரையறை அங்கே வாய் திறப்பதில்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது. கதையில் வருகிறவனுக்குத் தாயும் தந்தையும் உண்டு. பசியும் அச்சமும் உண்டு. அவன் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வு நிகழும் கணத்தில் இளைஞனைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குக் கதையைவிடச் சிறந்த கருவி நமக்குக் கிடைத்ததில்லை. அக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தக் கணத்தைத் தாவிக் கடந்து முடிவுக்கு ஓடிவிடுகிறோம். நம் குறை அதுவே.

காந்தியடிகள் கண்ட நாடகம்

கதையின் ஆற்றலுக்குச் சான்றாகக் காந்தியடிகளை எடுத்துக்காட்டுவது மேடைகளில் வழக்கம். சிறுவனாக இருந்தபோது அவர் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டார். அதைத் தம் மனத்துக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்தார். எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் உண்மையாளராக இருக்கக் கூடாது என்று ஏங்கினார். இவற்றை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பேச்சாளர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சுயசரிதை அங்கே நிற்பதில்லை.

அரிச்சந்திரனை நெஞ்சில் வைத்துப் பூசித்த அதே சிறுவன், பின்னர்ப் பணியாளரின் காசைத் திருடினான். பதினைந்தாம் வயதில் தன் அண்ணனின் காப்பிலிருந்து சிறு துண்டுப் பொன்னை வெட்டித் திருடினான். அப்படியானால் நாடகம் தோற்றுவிட்டதா? இல்லை. செய்தது நெஞ்சை உறுத்தியது. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தான். தந்தை படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. பின் அதனைக் கிழித்துப் போட்டார். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அந்தக் கண்ணீர் தம்மைத் தூய்மைப்படுத்தியது என்று காந்தியடிகள் எழுதுகிறார்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. கதை ஒருவனைத் தவறு செய்யாமல் தடுத்துவிடும் வேலி அன்று. தவறிய பின்னும் அவனுள்ளே இருந்து அவனை அழைக்கும் குரல் அது. அக்குரலுக்குச் செவிசாய்த்து அவன் திரும்பி வரும்போது, அவன் கொடுக்கும் தாளை வாங்கிப் படிக்க ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். அரிச்சந்திரன் தொடங்கிய வேலையை முடித்து வைத்தவர் ஒரு தந்தை. அத்தகைய ஒருவர் இல்லாத வீட்டில் ஆயிரம் அரிச்சந்திரர்கள் வந்தும் பயனில்லை.

திடலில் விரிந்த வெள்ளைத் துணி

கதையைப் பற்றிச் சொன்னவை திரைப்படத்துக்கும் பொருந்தும். ஆனால் முழுமையாகப் பொருந்தா. கதையைக் கேட்பவன் தன் மனத்தில் காட்சிகளை வரைந்துகொள்கிறான். திரைப்படமோ காட்சியையும் தந்து, அக்காட்சியை எவ்வாறு உணர வேண்டும் என்பதையும் இசையால் சொல்லிவிடுகிறது. எவனுடைய முகத்தை அண்மையில் காட்டுகிறதோ அவனுக்காக நாம் அழுகிறோம். எவனை நிழலில் நிறுத்துகிறதோ அவன் அடிபடும்போது கைதட்டுகிறோம். கவிஞர்கள் இளைஞர் உள்ளத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிய கிரேக்க அறிஞர் பிளேட்டோ, திரைப்படத்தைக் கண்டிருந்தால் இன்னும் அஞ்சியிருப்பார்.

தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மாலையிலேயே பாய் விரித்து இடம் பிடிப்போம். எம்.ஜி.ஆர். திரையில் தோன்றினால் திடலே அதிரும். அவர் தம் படங்களில் புகைபிடிப்பதையும் மது அருந்துவதையும் பெரும்பாலும் தவிர்த்தார். அதைப் பார்த்துக் கள்ளையும் சுருட்டையும் தொடாமல் வாழ்ந்த இளைஞர்களை நான் அறிவேன். அதே திடலில், அதே படங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கோயில் திருவிழாவில் நான்கு பேரை அடித்து வீழ்த்தினால்தான் வீரன் என்று எண்ணிக் கத்தியோடு நின்ற இளைஞனையும் அறிவேன். ஒரே படம், ஒருவன் ஒன்றை எடுத்துக்கொண்டான், மற்றவன் வேறொன்றை எடுத்துக்கொண்டான். படம் நல்லதா கெட்டதா என்று மட்டும் வழக்காடிக்கொண்டிருப்பது இதனால்தான் போதாது. தணிக்கை செய்வோர் வெட்டிய பின்னும் இளைஞனின் கண் மிஞ்சுகிறது. அந்தக் கண்ணைப் பழக்குவதே நம் வேலை.

பழக்குவது எங்ஙனம்? திரை காட்டாததைக் கேட்கச் சொல்லித் தருவதே முதற்படி. கதாநாயகன் தூக்கியெறிந்த அடியாளுக்கு மருத்துவமனையில் துணைக்கு இருந்தவர் யார்? விரும்பாத பெண்ணைப் பாட்டுப் பாடித் துரத்தும் காட்சியில், அந்தப் பெண் அன்றிரவு வீட்டில் என்ன எண்ணியிருப்பாள்? வகுப்பில் ஒரு முறை இதைக் கேட்டபோது மாணவர்கள் சிரித்தார்கள், மாணவியர் சிரிக்கவில்லை. அந்த வேறுபாட்டை இரு சாராரும் கவனித்தார்கள். அன்றைய பாடம் அதுவே ஆயிற்று. 'அமைச்சருக்கு வீட்டில் யார் இருந்தார்கள்' என்ற கேள்வியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பதை அப்போது உணர்ந்தேன்.

மூன்று தந்தையர்

ஒளிநாடாக்கள் பள்ளிகளுக்குள் வந்த பிறகு, மனுநீதிச் சோழன் கதையோடு சேர்த்து இரண்டு திரைப்படங்களை என் மாணவர்களுக்குக் காட்டும் வழக்கத்தை மேற்கொண்டேன். மூன்றிலும் ஒரு தந்தை, ஒரு மகன், ஒரு குற்றம்.

முதலாவது, 1956இல் சிங்கப்பூரில் உருவான 'அனாக்கு சசாலி' என்னும் மலாய்ப் படம். இந்தியாவிலிருந்து வந்த பாணி மசும்தார் இயக்கியது. தந்தை ஹசானாகவும் வளர்ந்த மகன் சசாலியாகவும் பி. ரம்லியே நடித்தார், அந்நடிப்புக்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். தாயை இழந்த பிள்ளை என்று மகனைக் கண்டிக்காமல் வளர்க்கிறார் ஹசான். மகன் பெரியவனாகிக் குற்றக் கும்பலின் தலைவனாகிறான். காவல் துறையினர் துரத்த, ஒளிந்துகொள்ள இடம் தேடித் தந்தையின் வீட்டுக்கே வருகிறான். தந்தை காவல் துறைக்குச் செய்தி சொல்லி அவனை ஒப்படைக்கிறார்.

இங்கே படத்தை நிறுத்தி, தந்தை செய்தது சரியா என்று கேட்பேன். முதலில் எல்லாரும் சரி என்பார்கள். குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதுதானே நீதி! ஓராண்டு ஒரு மாணவி எழுந்து, "சிறு வயதில் கண்டிக்காமல் இருந்துவிட்டு, இப்போது மகனை மட்டும் சிறைக்கு அனுப்பினால் போதுமா? குற்றத்தில் அவருக்குப் பங்கில்லையா?" என்று கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பங்கு உண்டு, ஆனால் அதற்காகக் குற்றவாளியை ஒளித்து வைக்க முடியுமா என்றார்கள் சிலர். ஒப்படைப்பதற்கு முன் மகனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்றான் ஒருவன். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அப்படி நிற்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, 1948இல் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படம். போருக்குப் பிந்திய உரோமாபுரி. வேலையில்லாதிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே அது திருடு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரமெல்லாம் தேடி அலைகிறார்கள். இறுதியில் நம்பிக்கையிழந்த தந்தை, தானே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்து, கூட்டத்தின் கையில் அகப்பட்டுக்கொள்கிறார். மகன் அழுதுகொண்டே ஓடி வருகிறான். சைக்கிளுக்கு உரியவர் அந்தச் சிறுவனைப் பார்க்கிறார். பிறகு, விட்டுவிடுங்கள் என்கிறார். தந்தையும் மகனும் கூட்டத்தோடு நடந்து செல்கையில், மகன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான்.

இப்படம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்குமா என்று உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஐயுற்றார். அவர் ஐயம் வீண். அடகுக் கடையும் வேலையில்லாத் திண்டாட்டமும் நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்லவே! மொழி புரியாத அப்படத்தை அவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். பின் நடந்த உரையாடலில், திருட்டு சரியென்று ஒருவரும் சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. திருட்டைத் தவறென்று உணர்ந்துகொண்டே, திருடியவனை வெறுக்காமல் இருக்க முடியும் என்பதை அவர்கள் அன்று கண்டார்கள். எந்த வரையறையும் அதனைக் கற்பித்திருக்க முடியாது.

மகனுக்கும் தனக்கும் இரக்கம் காட்டாத மன்னன். காலம் கடந்து கண்டிப்புக் காட்டிய ஹசான். மகன் கண்முன்னே தானே தவறிய அந்தோனியோ. மூவரையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கும்போது, நீதிக்கும் அன்புக்கும் இடையிலுள்ள வழக்கு எளிதில் தீராதது என்பதை இளைஞர் உணர்கிறார்கள். மூவரில் எவரைப் போன்ற தந்தை வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன். பெரும்பாலோர் அந்தோனியோ என்றார்கள். மறுத்தவனும் ஒருவன் இருந்தான்: "சைக்கிள்காரர் மன்னித்தார், அதனால் நாமும் மன்னிக்கிறோம். அவர் மன்னிக்காதிருந்தால்?" அவன் கேள்விக்கு நாங்கள் யாரும் விடை காணவில்லை. மணி அடித்த பிறகும் சிலர் அதைப் பேசிக்கொண்டே போனார்கள்.

காரணமே அளவுகோல்

உளவியல் அறிஞர்களும் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். அமெரிக்கரான லாரன்சு கோல்பர்க், 1958இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுக்காக, பத்து முதல் பதினாறு வயது வரையிலான சிறுவர்களிடம் சிக்கலான கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். சாகும் தறுவாயில் மனைவி. அவளைக் காக்கும் மருந்துக்கு அடக்க விலையைப்போல் பத்து மடங்கு கேட்கும் வணிகன். பணம் புரட்ட முடியாத கணவன் மருந்தைத் திருடலாமா? இது அக்கதைகளுள் ஒன்று. திருடலாம், கூடாது என்ற தீர்ப்பை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. அத்தீர்ப்புக்குச் சிறுவன் சொன்ன காரணத்தையே அளந்தார். தண்டனைக்கு அஞ்சிச் சொல்லும் காரணம் ஒரு படி. பிறர் மெச்சுவதற்காகச் சொல்வது வேறொரு படி. மனித உயிரின் மதிப்பை எண்ணிச் சொல்வது அதற்கும் மேலான படி.

1982இல் கெரல் கில்லிகன் என்னும் அம்மையார் இவ்வளவுகோலையே கேள்விக்கு உள்ளாக்கினார். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, திருடலாமா கூடாதா என்பதற்கு நேர் விடை தராமல், கணவனும் மருந்து வணிகனும் அமர்ந்து பேசினால் வேறு வழி பிறக்காதா என்று கேட்டாளாம். கோல்பர்க்கின் அளவுகோல் இத்தகைய விடைக்குக் குறைந்த மதிப்பையே தரும். கில்லிகனோ, மனிதர்களை இணைக்கும் உறவை அறுத்துவிடாமல் காக்க முயலும் அறம் அதில் உள்ளது என்று எடுத்துக்காட்டினார். இதைப் படித்தபோது பின்வரிசை மாணவனின் முகம் என் கண்முன் வந்தது. அவனும் கதை கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல், கதை கேட்க மறந்த கேள்வியைக் கேட்டவன்தானே!

இங்கே அன்பர்கள் ஒரு தடையை எழுப்பக் கூடும். இவ்வாறு எல்லாவற்றையும் கேள்விக்கு உட்படுத்தினால், எதையும் நியாயப்படுத்தும் சாமர்த்தியம் வளருமேயன்றி ஒழுக்கம் வளருமா? நன்மை தீமை என்பவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற முடிவுக்கு இளைஞர் வந்துவிட மாட்டார்களா? இத்தடையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வாய்ச்சாலகத்தை அறிவென்று மயங்கும் மாணவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும், எல்லா விடைகளும் சமம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விடையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: உன் தீர்ப்பால் இழப்புக்கு ஆளாகிறவன் முன்னால் நின்று, அவன் கண்ணைப் பார்த்து, நீ சொல்லும் காரணத்தை உன்னால் சொல்ல முடியுமா? சாமர்த்தியத்தால் வந்த காரணங்கள் பெரும்பாலும் இச்சோதனையில் உதிர்ந்து போகும். எஞ்சி நிற்பதை இளைஞன் தன் சொந்த உடைமையாகக் கொள்கிறான். பிறர் எழுதிக் கொடுத்த நீதியை இழப்பது எளிது. தானே கண்டடைந்ததை அவன் எளிதில் விடமாட்டான்.

எழுத்தாளர்களே இதற்கு வழிகாட்டியிருக்கிறார்கள். செயகாந்தன் 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையை எழுதினார். மழை நாளில் அறிமுகமற்ற ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள் ஒரு தாய். கதை வெளிவந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர், அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று எண்ணி, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படைத்தார். அந்நாவல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் திரைப்படமாகவும் வந்தது. ஒரு தாயின் ஒரு நிமிடத் தேர்வு ஒரு பெண்ணின் வாழ்நாளையே மாற்றுகிறது. மூத்த மாணவர்க்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கத் தந்தால், பெரியவர்களின் சொல் எத்துணைக் கனமுடையது என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நமக்குத்தான் அது விளங்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இக்காலத்து இளைஞர்களுக்குக் கதை குறைந்துவிடவில்லை, பெருகிவிட்டது. திடலில் ஊரே கூடிப் பார்த்த படத்தை இன்று ஒவ்வொருவரும் கைப்பேசியில் தனித்தனியே பார்க்கிறார்கள். அன்று படம் முடிந்து லயத்துக்குத் திரும்பும் இருட்டுப் பாதையில், 'அவன் அப்படிச் செய்திருக்கலாமா' என்று அத்தையும் மாமனும் வாதாடிக்கொண்டு வருவார்கள். பின்னால் நடந்து வந்த நாங்கள் அதைக் கேட்டோம். எங்கள் நன்னெறி வகுப்பு அந்தப் பாதையில்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. இன்று படம் இருக்கிறது. அந்தப் பாதை இல்லை.

அதை நாம் மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் பிள்ளையோடு அமர்ந்து ஒரு படத்தைப் பாருங்கள். அது அவர்கள் தேர்ந்த படமாகவும் இருக்கட்டும். முடிந்ததும், இதனால் அறியப்படும் நீதி யாது என்று கேளாதீர்கள். யாருக்காக நீ வருந்தினாய் என்று கேளுங்கள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். நம் பிள்ளை நம்மை நோக்கி, அப்பா, நீங்களாக இருந்தால் என்று திருப்பிக் கேட்கும். அந்த வேளையில் அரிச்சந்திரனைப் போல் நடிக்க வேண்டாம். நாம் தவறிய இடத்தை மறைக்காமல் சொல்லும் துணிவு நமக்கு இருக்குமானால், தாளைக் கையில் கொடுக்கும் துணிவு பிள்ளைக்கும் ஒரு நாள் வரும்.

எனக்கு வயதாகிவிட்டது. மனுநீதிச் சோழன் கதையை இப்போது என் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அமைச்சன் வரும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, "இவருக்கு வீட்டில் யார் யார் இருந்திருப்பார்கள்?" என்று நானே கேட்கிறேன். அம்மா என்கிறாள் ஒருத்தி. குட்டிப் பாப்பா என்கிறான் மற்றவன். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. சென்ற முறை அவள் நெடுநேரம் எண்ணிவிட்டு, "அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாமே, தாத்தா, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அன்றிரவு நாங்கள் கதையை முடிக்கவில்லை.